கேட்ட சிவப்பும் வந்த சிவப்பும்

தமிழில் வெளுத்த தோலை யாரும் வெளுப்பு என்று சொல்வதில்லை. சிவப்பு என்றுதான் சொல்வார்கள். பெண் பார்த்துவிட்டு வந்த அத்தையிடம் “பொண்ணு எப்படி?” என்று கேட்டால், “நல்லா செவப்பு” என்பார். கேட்டவரும் தக்காளிப் பழத்தை நினைத்துக்கொள்ள மாட்டார். வெளுப்பு என்றால் சோகை, சிவப்பு என்றால் அழகு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மாநிறம், புதுநிறம் என்று இரண்டு சமாதானங்கள் வேறு.

ஒலக்கூரில் ஒரு பெண்ணின் முகத்தில் இந்தச் சொல் எழுத்துப் பிசகாமல் பலித்துவிட்டது.

அவருக்கு வயது 34. வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மஞ்சள், கடலை மாவு, உருளைக்கிழங்குச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் ஒருமுறை வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் கொடுத்தார். “இத்த ராத்திரில தடவிக்கினு படு அண்ணி. பத்தே நாள்ல பாரு.”

நாத்தனார் பொய் சொல்லவில்லை. பத்து நாளில் மங்கு மங்கியது. முகம் வெளுத்துப் பளபளத்தது. ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர், “இன்னாக்கா, செவந்துட்ட!” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த ஒன்றரை வருடம் மாதம் ஒரு ட்யூப் வாங்கப்பட்டது. மெடிக்கலில் யாரும் சீட்டு கேட்கவில்லை. காலி ட்யூபைக் காட்டினால் புது ட்யூப் வரும்.

ஒன்றரை வருடம் கழித்து அதே ரேஷன் கடை, அதே வார்த்தை. குரல்தான் வேறு. “இன்னாக்கா, மூஞ்சி இப்படி செவந்து கெடக்குது?”

அடுப்படியில் நின்றால் கன்னம் தீயாக எரிந்தது. வெயிலில் ரயில் நிலையம் வரை நடந்தால் முகம் முழுக்கச் சுரீர் என்றது. மூக்கின் பக்கவாட்டில் மெல்லிய சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. பள்ளிக்கூட வயதில்கூட வராத பரு 34 வயதில் தாடை முழுக்க வந்தது. மேலுதட்டில் பூனை முடி கறுத்தது. ஒரு ராத்திரி க்ரீம் தடவ மறந்துவிட்டால் போதும், மறுநாள் மதியத்துக்குள் முகம் வீங்கிச் சிவந்து அரிக்கும். மறுபடி தடவினால் அரை மணியில் அடங்கும். அதனால் அந்தப் பெண்ணுக்கு வந்த முடிவு இது: ‘க்ரீமை நிறுத்தினால்தான் வருகிறது. க்ரீம்தான் காப்பாற்றுகிறது.’ கண்ணால் பார்த்த காரியத்தை வைத்து யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாமியார் உடம்புச் சூடு என்றார். இன்னொருவர் ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். கத்திரிக்காயும் கருவாடும் நின்றன. சந்தனம் குழைத்துப் போட்டார்கள். யாரோ சொல்லி எலுமிச்சம்பழச் சாறு தடவியதில் எரிச்சல் இரட்டிப்பானது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துப்போகும் என்பது தோல் மருத்துவத்தில் பழைய பாடம். சமையலறைப் பொருள் என்பதாலேயே முகத்துக்கு நல்லது என்று நினைத்துவிடுகிறோம். மிளகாய்த் தூளும் சமையலறையில்தான் இருக்கிறது.

கடைசியில் திண்டிவனத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனபோது, அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி: “என்னம்மா தடவுறீங்க?”

“ஒண்ணும் இல்லீங்க டாக்டர். எல்லாரும் போடுற க்ரீம்தான்.”

அந்த ‘எல்லாரும் போடுற க்ரீமை’ அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார் டாக்டர். ட்யூபின் பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில் மூன்று மருந்துப் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அது கெட்ட மருந்து அல்ல. கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்காக கெண்டல், ரெய்க்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1952-ல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பயன் கண்டார்கள். அதன்பின் எத்தனையோ பேருடைய கரப்பான், படை, ஒவ்வாமை எல்லாம் இந்த மருந்தால் அடங்கியிருக்கின்றன. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், குறிப்பிட்ட நாட்களுக்கு என்று கொடுத்தால் இதற்கு இணை இல்லை.

கோளாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. ஸ்டீராய்டு தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் குறைந்தால் தோல் வெளிறும். இந்த வெளிறலை வைத்தே எந்த ஸ்டீராய்டுக்கு எவ்வளவு வீரியம் என்று தரம் பிரிக்கும் சோதனை 1962-லிருந்தே இருக்கிறது. ஆக, பத்தே நாளில் வந்த ‘சிவப்பு’ என்பது ரத்தக் குழாய் சுருங்கிய வெளுப்பு. மாதக்கணக்கில் தடவும்போது தோல் மெலிந்துபோகிறது. சுருங்கியே கிடந்த குழாய்கள், மருந்து நின்றதும் முன்பைவிட அதிகமாக விரிகின்றன. மெலிந்த தோலுக்குள்ளிருந்து அந்த ரத்தச் சிவப்பு அப்படியே வெளியே தெரிகிறது. எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவினால் குழாய் மறுபடி சுருங்கும். கள்ளுக்கடைக்குப் போகிறவருக்குக் காலையில் கை நடுங்க, ஒரு டம்ளர் உள்ளே போனதும் நடுக்கம் நிற்பதைப் போன்ற கதை.

அதுவும் முகத்தில் இது சீக்கிரம் நடக்கும். ஹைட்ரோகார்ட்டிசோனைத் தடவி, உடம்பின் எந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று 1967-ல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இருவர் அளந்தார்கள். முன்கை உறிஞ்சுவதைப் போல நெற்றி ஏறக்குறைய 6 மடங்கும் தாடை 13 மடங்கும் உறிஞ்சின. காலில் உள்ள படைக்குக் கொடுத்த மருந்தை முகத்தில் தடவக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த முகத்துக்கு இந்திய மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘ஸ்டீராய்டால் சேதமான, ஸ்டீராய்டை நம்பியே வாழும் முகம்’ என்பது அதன் பொருள். கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கௌஷிக் லாஹிரியும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு நாட்டின் பல ஊர் மருத்துவமனைகளுக்கு முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433-ல் 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல. கடைக்காரர், சொந்தக்காரர், தோழி, பியூட்டி பார்லர் என்று யாரோ ஒருவர். பக்க விளைவு வந்தவர்கள் 392 பேர், அதாவது பத்தில் ஒன்பது பேர். நகரத்தைவிடக் கிராமத்திலும் புறநகரிலும்தான் அதிக வீரியமுள்ள க்ரீம்கள் ஓடுகின்றன என்றும் அந்த ஆய்வு சொன்னது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. ட்யூபில் ‘ஆர்எக்ஸ்’ குறி இருக்கும், டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற வரியும் இருக்கும். ஆனால் எத்தனை ஊர்களில் சீட்டு கேட்கிறார்கள் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். பெயரைப் பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், க்ளோபீட்டசால், ஃப்ளூசினோலோன், பெக்ளோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மங்குக்காகத் தரப்படும் மூன்று மருந்துக் கலவை டாக்டரின் கண்காணிப்பில் சில வாரங்கள் போட வேண்டியது. 1975-ல் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் எழுதிய கலவையின் வழியில் வந்தது அது. ஒன்றரை வருடம் போட அவர் எங்கும் சொல்லவில்லை.

பெயரே போடாத க்ரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை 2021 முதல் 2023 வரை 22 சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்தது. அதில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் க்ரீம் தடவிவந்தவர்கள். காரணமாகக் கைகாட்டப்பட்டது பாதரசம். முகத்தில் தடவியது சிறுநீரில் நுரையாகவும் காலில் வீக்கமாகவும் வந்து நின்றிருக்கிறது.

ஒலக்கூர்ப் பெண்ணுக்கு இந்தப் புள்ளிவிவரம் எதுவும் மனதில் பதியவில்லை. பதிந்தது வேறொன்று. டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: “வீட்ல வேற யாராவது இதைப் போடுறாங்களா?” இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவர், அன்று மாலை ட்யூபை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவர் எப்போதும் அடியிலிருந்து அழுத்திச் சுருட்டுவார். இப்போது நடுவில் அழுத்தப்பட்டிருந்தது. பெரிய மகளுக்கு 13 வயது. ஸ்கூலில் யாரோ ‘கருவாச்சி’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மாதமாக அம்மா தூங்கியபின் கொஞ்சமாக எடுத்துத் தடவிவந்திருக்கிறாள். “நீயும்தான போட்டு செவந்த” என்றாள். அதற்குத் தாயிடம் பதில் இல்லை. மறுநாள் இருவரும் சேர்ந்துதான் டாக்டரிடம் போனார்கள்.

எல்லா முகச் சிவப்பும் க்ரீமால் வருவதல்ல. ஆனால் நம் ஊரில் முகம் சிவந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘என்ன தடவினாய்?’ என்பதுதான். சோப்பு, ஷேவிங் லோஷன், புதிதாக வாங்கிய குங்குமம், ஸ்டிக்கர் பொட்டின் பசை, தலைச்சாயம் எல்லாம் இதில் சேரும். தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நாலைந்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் நெற்றி, காது, கண் இமை எல்லாம் வீங்கிவிடும். ‘இத்தனை நாள் இதைத்தானே போட்டேன்’ என்ற வாதம் ஒவ்வாமைக்குப் புரியாது.

தடவாமலே முகத்தில் படுவதும் உண்டு. ஒலக்கூர், திண்டிவனம் பக்கம் மணிலாக் கொல்லை வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் வெள்ளைப் பூ பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை எல்லோருக்கும் தெரியும். 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு நாடெங்கும் பரவிய களை இது. அதன் பொடி காற்றில் பறந்து வந்து கண் இமை, கன்னம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்துக் கறுத்துப்போக வைக்கும். களை எடுக்கிற மாதத்தில் வந்து, மழைக்காலத்தில் ஏறி, மற்ற நாளில் குறையும் சிவப்பு என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். வெயில் அலர்ஜி என்று பல வருடம் நினைத்திருப்பார்கள்.

மூக்கோரத்திலும் புருவத்திலும் எண்ணெய்ப் பிசுக்கோடு செதிலாகச் சிவப்பது பெரும்பாலும் தலைப் பொடுகின் உறவு. தலைக்கு வைத்தியம் செய்தால் முகமும் தேறும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. இதில் ஸ்டீராய்டு தடவினால் முதலில் அரிப்பு அடங்கும், வட்டத்தின் வடிவம் கலையும், பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். பிறகு பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

சூடான டீ, காரக் குழம்பு, வெயில், கோபம், எதற்கும் கன்னமும் மூக்கும் குப்பென்று சிவந்து, நாளாக ஆகச் சிவப்பு போகாமலே தங்கிவிடுவது ரோசேஷியா. இது வெள்ளைக்காரர்களின் வியாதி என்று நீண்டகாலம் பேசப்பட்டது. நம் தோலில் தெரியாமல் இருந்ததுதான் உண்மை. சிலருக்குக் கண்ணிலும் மணல் விழுந்தது போல உறுத்தும். கண்ணுக்குத் தனி சொட்டு மருந்து, முகத்துக்குத் தனி க்ரீம் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள்.

நம் தோலில் சிவப்பு எப்போதும் சிவப்பாகத் தெரியாது. மாநிறத்தில் செம்பு நிறமாகவோ நாவற்பழச் சாயலாகவோ தெரியும். நல்ல கறுப்பில் வெறுமனே இன்னும் கறுத்தது போல இருக்கும். பாடப் புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கிறது என்று குறைபட்ட மலோன் முக்வெண்டே என்ற லண்டன் மருத்துவ மாணவர், 2020-ல் கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சுடுகிறதா, தடித்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கைக்குத் தெரியும். செல்ஃபோனில் படம் எடுத்தால் அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். பல ஃபோன்கள் கேட்காமலேயே முகத்தைப் பூசி மெழுகிவிடுகின்றன. சொந்த முகத்தைச் சொந்த ஃபோனிலேயே பார்க்க முடியாத காலம்!

சில சிவப்புகள் தோலோடு நிற்பதில்லை. இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போலச் சிவந்து, மூக்கோர மடிப்பில் மட்டும் சிவப்பு இல்லாமல், வெயிலில் ஏறுகிறது என்றால் லூபஸ் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வருவது. கூடவே மூட்டு வலி, காரணமில்லாத காய்ச்சல், கொத்தாக முடி கொட்டுவது, வாய்ப்புண், காலில் வீக்கம் என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் தெரிந்துவிடும். சிறுநீரகத்தை அது தொடும் முன்னால் பிடித்துவிட்டால் மருந்தோடு நல்லபடியாகவே வாழலாம். இதற்குக் கொடுக்கும் மருந்திலும் ஸ்டீராய்டு உண்டு.

இன்னொன்றைச் சொன்னால் பலருக்கு முகம் சுளிக்கும். முகத்தில் செம்பு நிறத் திட்டு, அரிப்பில்லை, வலியில்லை, தொட்டால் உணர்ச்சியும் குறைவு. அல்லது காது மடல் தடிக்கிறது, புருவ முடி உதிர்கிறது. இது தொழுநோயாக இருக்கலாம். அரிக்காத திட்டு என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை, அதுதான் ஆபத்து. ஒலக்கூரிலிருந்து சென்னைக்குப் போகும் அதே ரயில் பாதையில் இருக்கும் செங்கல்பட்டு, திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நாள் கணக்குப் பார்க்காமல், அன்றைக்கே ஓட வேண்டிய சிவப்புகளும் இருக்கின்றன.

ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் வலித்து, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. வீக்கம் கண்ணைச் சுற்றி ஏறினாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ ராத்திரியானாலும் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பருவைக் கிள்ளியதில் தொடங்கியதாகக்கூட இருக்கலாம்.

ஒரு பக்க நெற்றியில் எரிச்சலும் வலியும் இரண்டு நாள் இருந்துவிட்டு, சிவந்து கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் அக்கி. நம் பக்கத்தில் உடனே குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்வதால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கும் என்றால் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் அக்கியின் வைரஸுக்கு மாத்திரை இருக்கிறது, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக வேலை செய்யும். மூக்கு நுனியில் கொப்புளம் வந்துவிட்டால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்று அர்த்தம். மூன்று நாள் எழுதிவிட்டு நாலாம் நாள் போகலாம் என்று இருந்தால் மருந்துக்கான நேரம் தாண்டிவிடும்.

புது மாத்திரை ஏதாவது தொடங்கி, குறிப்பாக வலிப்பு மாத்திரையோ யூரிக் அமில மாத்திரையோ ஆன்டிபயாட்டிக்கோ, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் காய்ச்சலோடு முகம் சிவந்து, வாயில் புண், கண் சிவப்பு, தோல் எரிச்சல் என்று வந்தால், மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. உயிருக்கே ஆபத்தான மருந்து ஒவ்வாமை அப்படித்தான் ஆரம்பிக்கும். சாப்பிட்டதும், ஊசி போட்டதும், குளவி கொட்டியதும் முகம் சிவந்து உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்தால் 108.

குழந்தைகளுக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு என்று தொடங்கி, காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்குத் தடிப்பு இறங்கினால் தட்டம்மை. வேப்பிலை கட்டுகிறவர்கள் கட்டட்டும், டாக்டரிடமும் காட்டட்டும். நுரையீரல் வரை அது இறங்கக்கூடியது.

ஒலக்கூர்ப் பெண்ணின் விஷயத்துக்கு வந்தால், டாக்டர் க்ரீமைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் போட்டவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் முகம் தாங்க முடியாத அளவுக்குச் சீறும், பயந்துபோய் மறுபடி ட்யூபைத் தேடுவார் என்பது அவருக்குத் தெரியும். வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, நாள் விட்டு நாள், பிறகு வாரத்தில் இரண்டு என்று குறைத்தார். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு, வாசனை போடாத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், பருவுக்கு மாத்திரை. சோப்பு வேண்டாம் என்றார். எரியும்போது குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி. ஆளாளுக்கு இந்தக் கணக்கு மாறும். சிலருக்கு உடனே நிறுத்துவதுதான் சரி என்று டாக்டர் முடிவு செய்வார். அதைத் தானாக முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் அவரிடம் போவது.

முதல் மூன்று வாரம் கொடுமை. வாடிக்கையாளர்களிடம் முகத்தைக் காட்டப் பிடிக்காமல் தையல் மெஷினைத் திண்ணையிலிருந்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை. நாத்தனார் வந்து, “நிறுத்திப்புட்டியா அண்ணி? அதான் இப்படி ஆயிடுச்சு. ரெண்டு நாள் போடு, சரியாப்பூடும்” என்று மறுபடி ட்யூபை நீட்டினார். நாத்தனாரின் மூக்கோரத்திலும் அதே நூல் நரம்புகள் இருப்பதை அண்ணி அன்றைக்குத்தான் கவனித்தார்.

நாலாவது மாதம் எரிச்சல் பெரும்பாலும் நின்றது. பரு அடங்கியது. நரம்புகளில் சில மறையவே இல்லை. லேசர் செய்தால் குறையும் என்றார் டாக்டர், அதற்குச் செலவு செய்ய இப்போது வழியில்லை. மங்கு பழைய இடத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. மகள் இரண்டே மாதம் தடவியவள் என்பதால் சீக்கிரம் தேறிவிட்டாள். அவளுக்குப் போட்டது சன்ஸ்கிரீனும் ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரும் மட்டும்.

இந்தப் பெண்ணைப் போலச் சந்தேகத்தோடு இருப்பவர்களுக்குப் போகும் வழி தூரமில்லை. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே ஜிப்மர். போகும்போது முகத்தில் பவுடர் போடாமல் போங்கள். தடவிய க்ரீம், குடித்த மாத்திரை, தலைச்சாய டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலி ட்யூபாக இருந்தாலும் சரி, பெயர் தேய்ந்துபோயிருந்தாலும் சரி. எத்தனை மாதம் போட்டீர்கள் என்பதை வழியிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோர் குறைத்துத்தான் சொல்கிறார்கள். முகம் அதிகமாகச் சிவந்திருந்த நாளில் எடுத்த படம் ஃபோனில் இருந்தால் அதையும் காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில்தான் எல்லா நோயும் அடங்கி உட்கார்ந்துகொள்ளும்.